தோகைதான் சாலமோனின் 'துக்கி'யா? மயில் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

இளவேனில்:

வணக்கம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி சுற்றிவரும் செய்தி ஒன்று இன்று காலையும் வந்து விழுந்தது. "சாலமோன் அரசனுக்குத் தமிழ்நாட்டிலிருந்து மயில் போனது. பைபிளில் உள்ள துகி என்ற சொல் நம் தோகைதான். உலகத்தில் எழுத்தில் ஏறிய முதல் தமிழ்ச் சொல் இதுவே. பெருமையுடன் பகிரவும்." வேறு நாளாக இருந்தால் பகிர்ந்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் பள்ளி ஆண்டு மலருக்கு மயில் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன். அச்சில் வருவதற்கு முன் சரிபார்க்க வேண்டும்.

எனக்கு இடிப்பது ஒன்றுதான். பறவையின் பெயர் மயில், அதன் வாலுக்குப் பெயர் தோகை. கப்பல்காரன் "இது என்ன?" என்று கேட்டால் நம் ஆள் "மயில்" என்றுதானே சொல்லியிருப்பான்? வாலின் பெயரையா சொல்வான்?

கடலோடி:

இது வாட்ஸ்அப்பில் பிறந்த கதை இல்லை சகோதரி. கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திலேயே இருக்கிறது. உலகில் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய திராவிடச் சொல் இதுவாகத் தெரிகிறது என்று எழுதினார். அவர் சொன்னது 'திராவிடச் சொல்'. அதைத் 'தமிழ்ச் சொல்' ஆக்கியது பகிர்கிறவர்கள். அவருக்கும் முன்னால் எபிரேய அகராதி தொகுத்த ஜெசேனியஸ், துக்கியின் வேரை மலபார்ப் பக்கத்துத் தோகையில் தேடச் சொல்லியிருக்கிறார்.

இடம் 1 இராஜாக்கள் 10:22. தர்ஷீசின் கப்பல்கள் மூன்று வருஷத்துக்கு ஒருதரம் பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு, மயில் கொண்டுவந்தன என்கிறது. 2 நாளாகமம் 9:21-ல் அதே பட்டியல் மறுபடி வருகிறது. எபிரேயத்தில் அங்கே உள்ள சொல் துக்கியீம். 'ஈம்' பன்மை விகுதி, அதைக் கழற்றினால் துக்கி. சாலமோன் காலம் கி.மு. 10-ம் நூற்றாண்டு. நீலக் கழுத்து மயில் இந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்த பறவை. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் காயிம் ராபின்கூட, எபிரேயத்தில் உள்ள கடன் சொற்களை வைத்துத் தமிழகத்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் வணிகம் இருந்தது என்று எழுதினார். நாம் சொன்னால் பெருமை பேசுகிறோம் என்பார்கள், அவர் நம் ஆள் இல்லையே. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

வேர்ச்சொல் வேடன்:

கேட்டதால் சொல்கிறேன், இன்னும் கொஞ்சம் வேண்டும்.

அந்தச் சொல்லுக்கு மயில் என்பதே உறுதியான பொருள் இல்லை. பைபிள் முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில் மட்டும்தான் வருகிறது, இரண்டும் ஒரே பட்டியல். வேறு எந்தச் சூழலிலும் வராத சொல்லுக்குப் பொருள் காண்பது எவ்வளவு சிக்கல் என்று பழைய மொழிபெயர்ப்பாளர்களே காட்டிவிட்டார்கள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இராஜாக்கள் வசனத்தில் மயிலும் இல்லை, குரங்கும் இல்லை, செதுக்கிய கற்கள்தான் இருக்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் யூதர் வரலாற்றை எழுதிய ஜோசிபஸ் இதே பட்டியலைச் சொல்லும்போது மயில் நிற்க வேண்டிய இடத்தில் எத்தியோப்பியர்களை நிறுத்துகிறார். அராமிய மொழிபெயர்ப்பிலும் ஜெரோமின் லத்தீன் மொழிபெயர்ப்பிலும் மயில் வந்தது. நம் தமிழ் பைபிளில் இருப்பதும் அந்த மரபுதான். இன்றைக்கு இஸ்ரேலில் போய்த் துக்கி கேட்டால் கிளியைக் காட்டுவார்கள். மயிலுக்கு அங்கே தவாஸ்.

போட்டி விளக்கமும் ஒன்று இருக்கிறது. அமெரிக்கத் தொல்லியல் அறிஞர் ஆல்பிரைட், துக்கி எகிப்தியச் சொல் என்றார். எகிப்திய மொழியில் ஒரு வகைக் குரங்கின் பெயரோடு பெண்பால் சுட்டான 'த' முன்னால் ஒட்டிக்கொண்டது என்பது அவர் கணக்கு. பட்டியலில் அதற்கு முன்னால் உள்ள 'கோஃப்' என்ற குரங்குச் சொல்லுக்கும் எகிப்தியத்தில் உறவு உண்டு (வடமொழிக் 'கபி'யோடு முடிச்சுப் போடுபவர்களும் உண்டு). அப்படிப் பார்த்தால் தந்தம், ஒரு வகைக் குரங்கு, இன்னொரு வகைக் குரங்கு. கப்பல் ஆப்பிரிக்கக் கரைக்குப் போய்த் திரும்பியிருக்கிறது, தமிழ்நாட்டுப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை.

கடலோடி:

ஆக, மயிலைக் குரங்காக்கிவிட்டார்கள்!

வேர்ச்சொல் வேடன்:

நான் ஆக்கவில்லை தோழர், இப்படியும் ஒரு கட்சி இருக்கிறது என்கிறேன். உங்கள் பக்கத்துக்குச் சாதகமான ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். 'தோ' எப்படித் 'து' ஆகும், ஒற்றைக் ககரம் எப்படி இரட்டிக்கும் என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பெரிய பலம் இல்லை. எபிரேய மூலத்தில் மெய்யெழுத்துகள் மட்டும்தான் இருந்தன. உயிர்க் குறிகளும் இரட்டிப்புப் புள்ளியும் கி.பி. 7-ம் நூற்றாண்டுக்குப் பிறகு ஏறியவை. நாளாகமத்தில் இந்தச் சொல்லுக்குள் 'வாவ்' எழுத்து நிற்கிறது, அதை ஊ என்றும் படிக்கலாம், ஓ என்றும் படிக்கலாம். உயிரொலியை வைத்துச் சண்டை போட்டால் இரண்டு பக்கமும் ஜெயிக்காது.

சுவடிக்காரர்:

இளவேனில் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது, யாரும் தொடவில்லை. வாலின் பெயரைப் பறவைக்குச் சொல்வானா?

சொல்வான் அம்மா. சங்கப் பாட்டில் தாராளமாகச் சொல்லியிருக்கிறார்கள். குறுந்தொகை 26-ஐ எடுத்துப் பாருங்கள். "அரும்பற மலர்ந்த கருங்கால் வேங்கை மேக்கெழு பெருஞ்சினை இருந்த தோகை". வேங்கை மரத்து உச்சிக் கிளையில் தோகை உட்கார்ந்திருக்கிறது. பார்ப்பதற்குப் பூக் கொய்யும் பெண் மாதிரி இருக்கிறது. உட்கார்ந்திருப்பது வாலா? முழுப் பறவைதானே. அகநானூறு 15-ல் மாமூலனாரும் இப்படித்தான் பாடுகிறார். பாகற்பழம் தின்னும், பறை போன்ற கண்கள் நிறைந்த பீலியை உடைய 'தோகை' உலவும் சோலைகள் கொண்ட துளுநாடு என்கிறார். இங்கே பீலி வேறு, தோகை வேறு. பீலி இறகு, தோகை அதைச் சுமக்கும் பறவை. இலக்கணத்தில் இதற்குச் சினையாகுபெயர் என்று பெயர், உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகி வருவது.

இன்னொன்று. அந்தத் துளுநாடு மேற்குக் கடற்கரை. அரபிக்கடல் கப்பல்கள் வந்து நிற்கும் பக்கத்தில் மயிலைத் தோகை என்று பாடியிருக்கிறார்கள் என்பதைக் கடலோடி குறித்துக்கொள்ளலாம்.

வேடன் தம்பிக்கும் ஒரு செய்தி. நான் சொன்ன குறுந்தொகைப் பாட்டின் முடிவில் குரங்கும் வருகிறது. தலைவன் செய்த காரியத்துக்குச் சாட்சியே ஓர் ஆண் குரங்கு, 'கடுவன்'. சாலமோன் பட்டியல் மாதிரியே மயிலும் குரங்கும் ஒரே பாட்டில்! சிரிப்புக்குத்தான் சொன்னேன், சான்றாக எடுத்துக்கொண்டு யாரும் கட்டுரை எழுதிவிடாதீர்கள்.

கொங்குநாட்டான்:

பெரியவங்க பேசும்போது குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். தோகை என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கரும்பு. கரும்பின் இலைக்குத் தோகை என்றுதான் பெயர், பேச்சில் சோகை. நட்டு ஐந்தாம் மாசம் வாக்கில் காய்ந்த சோகையை உரித்துவிடுவோம். ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி இருக்கும், முழுக்கைச் சட்டை போடாமல் உள்ளே போனால் கையைக் கீறிவிடும். நீளமாக, வளைந்து, தொங்குவதெல்லாம் தோகை. மயிலுக்காகவே உண்டான சொல் இல்லை என்று எனக்குப் படுகிறது.

மற்றபடி மயில் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நல்ல வார்த்தை வராது. நிலக்கடலை விதைத்தால் பருப்பைக் கிளறி எடுத்துவிடுகிறது. தக்காளி பழுத்தால் ஒன்றை முழுசாகத் தின்னாமல் பத்தைக் கொத்திவிட்டுப் போகிறது. விரட்டத்தான் முடியும், தேசியப் பறவை ஆச்சே.

கூகை:

கொங்குநாட்டான் அண்ணன் வயலில் மயிலை நிறையப் பார்த்திருப்பார், அவரே ஒப்புக்கொள்வார்: தோகை வால் அல்ல. இழையில் எல்லோரும் வால் வால் என்கிறீர்கள்.

ஆண் மயில் ஆடும்போது முன்னால் நின்று பார்க்காதீர்கள், பின்பக்கமாகப் போய்ப் பாருங்கள். விரிந்த தோகைக்கு முட்டுக் கொடுத்தபடி குட்டையாக, விறைப்பாக, மங்கிய பழுப்பு நிறத்தில் ஒரு வரிசை இறகு விசிறி மாதிரி நிற்கும். அதுதான் உண்மையான வால், மொத்தம் 20 இறகு. தோகை என்று நாம் கொண்டாடுவது வாலுக்கு மேலே முதுகில் முளைக்கும் மூடிறகு. வால் இறகு தூக்கிப் பிடிக்க, தோகை விரிகிறது. சிலிர்க்கும்போது 'சரசர' என்று ஓர் ஓசை வருமே, அது அடியில் அந்த வால் இறகுகள் அதிர்ந்து தோகையில் உரசுவது. இந்த மூடிறகுகளை ஆண்டுக்கு ஒரு முறை உதிர்த்துவிட்டுத்தான் புதிது வளர்க்கிறது. உதிர்த்த சமயத்தில் பார்த்தால் ஆண் மயிலா என்று சந்தேகம் வரும், கழுத்து நீலத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அப்புறம், ஆப்பிரிக்கா என்றதும் ஒன்று. ஆப்பிரிக்காவிலும் மயில் உண்டு. காங்கோக் காட்டு மயில். ஆனால் வெளியுலகுக்கு அது தெரிந்ததே 1936-ல். சேப்பின் என்ற பறவையியலாளர் பல ஆண்டுகளுக்கு முன் காங்கோவில் கிடைத்த ஒற்றை இறகை வைத்துக்கொண்டு இது என்ன பறவை என்று தேடிக் கடைசியில் கண்டுபிடித்தார். அதற்கு நீளத் தோகையும் கிடையாது, கப்பலில் ஏற்றும் அளவுக்குப் பகட்டும் கிடையாது. சாலமோனுக்குப் போனது மயில் என்றால் அது நம் பக்கத்து மயில்தான்.

வேர்ச்சொல் வேடன்:

சுவடிக்காரர் ஐயாவின் மேற்கோள் இரண்டும் அருமை. ஆனால் கால இடைவெளியைப் பார்க்க வேண்டும். சாலமோனுக்கும் குறுந்தொகைக்கும் நடுவே குறைந்தது 800 வருஷம். சங்க காலத்தில் தோகை பறவையைக் குறித்தது என்பது உறுதி. கி.மு. 10-ம் நூற்றாண்டிலும் குறித்ததா?

தெலுங்கைப் பாருங்கள். தோக என்றால் வெறும் வால். நாய் வாலும் தோக, மாட்டு வாலும் தோக. அடிப்படைப் பொருள் வால் அல்லது தொங்கும் நீளம். கொங்குநாட்டான் சொன்ன கரும்புச் சோகையும் அதே குடும்பம்தான். மயில் என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. எப்போது கிளைத்தது என்பதில்தான் கால்டுவெல் கணக்கு நிற்பதும் விழுவதும்.

இதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'இருக்கலாம்' என்ற நிலை. 'இதுவே' என்று அச்சிடும் நிலை இல்லை.

கடலோடி:

சரி, எபிரேயத்தை விட்டுவிடுவோம். கிரேக்கத்தில் மயிலுக்குத் தாவோஸ். அராமியத்தில் தவ்ஸ், அரபியிலும் பாரசீகத்திலும் தாவூஸ். நம் ஊர் உருதுக்காரர்களும் தாவூஸ் என்றுதான் சொல்வார்கள், மயில் வடிவ இசைக்கருவிக்குக்கூடத் தாவூஸ் என்று பெயர். இதெல்லாம் தோகை இல்லாமல் வேறு என்ன?

ஒரு சுவையான செய்தி. ஏதென்ஸ்காரர்கள் இந்தச் சொல்லின் கடைசி அசையில் ஒரு ஹகர ஒலியைச் சேர்த்து உச்சரித்தார்கள் என்று அத்தினேயஸ் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் விருந்து பற்றிய தன் நூலில் குறித்திருக்கிறார். கிரேக்கத்தில் சொல்லின் நடுவே ஹகரம் வருவது வழக்கமே இல்லை, அதனால்தான் தனியாகக் குறித்திருக்கிறார். அதாவது தாஹோஸ். இப்போது தோகை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுதுவது ககரம், சொல்வது 'தோஹை'. உடம்பு சிலிர்க்கவில்லையா?

வேர்ச்சொல் வேடன்:

சிலிர்க்கத்தான் செய்கிறது, அதனால்தான் கவனமாக இருக்கச் சொல்கிறேன். கிரேக்கச் சொல் கிழக்கிலிருந்து வந்த கடன் என்பதில் பெரிய சண்டை இல்லை. ஆனால் அது நேராக நம்மிடமிருந்து போகவில்லை. கிரேக்கர்கள் மயிலைப் பாரசீகர் வழியாக அறிந்தார்கள். கி.மு. 5-ம் நூற்றாண்டு ஏதென்ஸில் பிரிலாம்பீஸ் என்ற பணக்காரர் வீட்டில் மயில் வளர்த்தார்கள், மாதப் பிறப்பன்று ஊர் ஜனம் போய் வேடிக்கை பார்க்கலாம். அவர் பாரசீக அரசவைக்குத் தூது போய்வந்தவர். எனவே தோகைக்கும் தாவோஸுக்கும் நடுவில் ஒரு பழைய பாரசீக வடிவம் இருந்திருக்க வேண்டும். அந்த வடிவம் எழுத்தில் நம் கையில் இல்லை. அதனால் பாலத்தின் நடுத்தூண் ஊகம்.

லத்தீனில் பாவோ. டகரமோ தகரமோ இல்லை, பகரம். பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் எல்லாம் இந்தப் பாவோ வழி. அது எங்கிருந்து வந்தது? கிரேக்கத்திலிருந்து என்றால் முதல் எழுத்து ஏன் மாறியது? மயில் கத்துவதைக் கேட்டு வைத்த பெயர் என்பாரும் உண்டு. ராத்திரி பக்கத்துத் தோப்பில் மயில் கத்திக் கேட்டவர்கள் அதையும் தள்ளிவிட மாட்டார்கள்.

மட்டுநகர் மைந்தன்:

எல்லாரும் கதைக்கிறதைப் பார்த்துக்கொண்டு இருந்தனான். பாபிலோனுக்கு மயில் போன கதை ஒன்று பௌத்த ஜாதகக் கதைகளில் இருக்கு, ஒருவரும் சொல்லேல்லை. பாவேரு ஜாதகம். பாவேரு எண்டால் பாபிலோன் எண்டுதான் அறிஞர்கள் எடுக்கினம். இந்திய வணிகர் முதல் தடவை ஒரு காகத்தைக் கொண்டுபோகினம். பறவையே காணாத சனம் அதைத் தலையில் தூக்கி வைச்சுக் கொண்டாடி, இறைச்சியும் பழமும் குடுத்து வளர்க்குது. அடுத்த தடவை மயிலைக் கொண்டுபோனவுடன் காகத்தை ஒருவரும் திரும்பியும் பார்க்கேல்லை.

அந்தப் பாட்டில் மயிலுக்கு வரும் சொல் 'மோர'. 'சிகி' எண்டு கொண்டைக்காரன் பெயரும் வருது. தோகை மாதிரி ஒண்டும் இல்லை. வணிகர் வடக்கத்தி ஆக்களாய் இருக்கலாம் எண்டு கடலோடி சொல்லுவார், சரிதான். ஆனால் அதே பாட்டில் மயிலை 'இனிய குரலோன்' எண்டும் சொல்லியிருக்கு. அதை எழுதினவர் மயிலுக்குப் பக்கத்தில் ஒரு நாளும் படுத்திருக்க மாட்டார்.

சிங்களத்தில் மயில் 'மொனர'. மயூர எண்டும் சொல்லுவினம்.

இளவேனில்:

நன்றி அனைவருக்கும். மோர, மொனர, மயூர, மயில்... இதெல்லாம் ஒரே சொல்லா? அப்படியானால் மயூரத்திலிருந்து மயிலா, மயிலிலிருந்து மயூரமா? எங்கள் பள்ளியில் ஒருவர் மயூரம்தான் மூலம், மயில் அதன் தேய்ந்த வடிவம் என்று சத்தியம் செய்கிறார்.

வேர்ச்சொல் வேடன்:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். தோகை, துக்கி என்று எல்லோரும் மல்லுக்கட்டும் வேளையில் அதைவிட வலுவான கதை ஒன்று கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

மயிலைத் தமிழில் மட்டும் தேடினால் உங்கள் பள்ளிக்காரர் சொல்வது சரியாகத் தோன்றும். பக்கத்து வீடுகளையும் தட்டிப் பாருங்கள். மலையாளத்தில் மயில், துளுவில் மைரு. இதெல்லாம் தெற்கு, வடமொழியிலிருந்து வந்திருக்கலாம் என்று வாதாடலாம். ஆனால் கோண்டி மொழியில் மல். மத்திய இந்தியக் காட்டில், எழுத்து வழக்கம் பெரிதாக இல்லாத மக்களிடம் இந்தச் சொல் இருக்கிறது. பஸ்தர் பக்கத்துப் பர்ஜி மொழியில் உள்ள வடிவம் மயிலை விட நம் 'மஞ்ஞை'யை நினைவூட்டுகிறது. மயூரம் தேய்ந்து மயில் ஆனது என்றால், 'ஞ்ஞ' எங்கிருந்து முளைத்தது? திராவிட மூல வடிவம் ஒன்று இருந்து, அது ஓரிடத்தில் மயில் ஆகவும் ஓரிடத்தில் மஞ்ஞை ஆகவும் பிரிந்தது என்றால் எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்துவிடும். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் இவற்றை ஒரே பதிவில் பார்க்கலாம்.

அந்தப் பக்கம் பாருங்கள். மயூர என்பதற்கு ஐரோப்பாவிலோ ஈரானிலோ உறவுச் சொல் இல்லை. இருக்கவும் முடியாது, அந்தப் பறவையே அங்கே இல்லை. வடமேற்கிலிருந்து வந்தவர்கள் புதுப் பறவையைப் பார்த்ததும் ஏற்கெனவே இங்கிருந்தவர்களிடம் பெயரையும் வாங்கிக்கொண்டார்கள். ஹரப்பாவில் 'எச்' என்று பெயரிட்ட இடுகாட்டுத் தாழிகளில் மயில் ஓவியம் இருக்கிறது. இங்கிருந்தவர்களுக்கு அது எத்தனை முக்கியமான பறவை என்பதற்கு வேறு சொல்ல வேண்டியதில்லை. ரிக் வேதத்தில் இந்திரனின் குதிரைகளுக்கு மயிலைப் போன்ற மயிர் என்று வருகிறது, விஷம் இறக்கும் பாட்டில் 'மூவேழு பெண் மயில்கள்' வருகின்றன. இந்திய மண்ணிலிருந்து ரிக் வேதத்துக்குள் போன சொற்களில் மயூரமும் ஒன்று என்பதில் பலர் உடன்படுகிறார்கள்.

மறுதரப்பையும் சொல்லிவிடுகிறேன். முண்டா மொழிகள் (சந்தாலி போன்ற கிழக்கிந்தியப் பழங்குடி மொழிகள்) என்று ஒரு கட்சி உண்டு. சந்தாலியில் மயிலுக்கு மராக். மயூரம் அங்கிருந்து வந்தது என்பார்கள். ஒலிப் பொருத்தத்தில் மயில் பக்கம்தான் நெருக்கம் என்பது என் கருத்து.

அப்புறம் அசோகர். முதல் பாறைக் கல்வெட்டில் தன் மடைப்பள்ளிக் கணக்கை எழுதிவைத்திருக்கிறார். முன்பெல்லாம் தினம் லட்சக்கணக்கான உயிர்களைச் சமையலுக்குக் கொன்றார்களாம், இப்போது தினம் இரண்டு மயில், ஒரு மான், அந்த மானும் தினமும் இல்லை, இனிமேல் அதுவும் கிடையாது என்கிறார். மானை எப்போதாவது விட்டாலும் மயிலை விடவில்லை, நாக்கு அப்படி! கிர்நார்க் கல்வெட்டில் அந்த மயில் 'மோரா', ஷாபாஸ்கடியில் 'மஜுர'. இந்த மோரா-விலிருந்துதான் இந்தி மோர். மௌரியர்களின் குலப்பெயரான மோரிய என்பதையும் மயிலோடு சேர்த்துத்தான் பௌத்த மரபு சொல்கிறது. அந்த மோரியரை அகநானூறு 69 'இயல்தேர் மோரியர்' என்று பாடுகிறது. தெற்கிலிருந்த சொல் வடக்கே போய்த் தேய்ந்து, அரச குலத்தின் பெயராகித் தேரேறி மறுபடி தமிழ்ப் பாட்டுக்குள் வந்திருக்கிறது, வந்தவரை மயிலென்று யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

இதை ஏன் யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை? சாலமோன் இல்லை, கப்பல் இல்லை, அதனால்தான்.

கடலோடி:

இதையும் அனுப்பிவிட்டேன், எங்கள் தெருக் குழுவுக்கு. 😄 ஆனால் துக்கியை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கொங்குநாட்டான்:

பக்கத்துத் தோட்டத்து ஆள் கன்னடக்காரர், அவர் நவிலு என்பார். தெலுங்கில் நெமலி. அது எந்தக் கணக்கு?

வேர்ச்சொல் வேடன்:

அவை தனிக் குடும்பம் அண்ணா. நவிலு, நெமலி இரண்டும் ஒன்றுக்கொன்று உறவு. மயிலோடு அவற்றை ஒட்டவைக்க முயல்வார்கள், நான் ஒட்டவைக்கமாட்டேன்.

சுவடிக்காரர்:

வேடன் தம்பி மஞ்ஞை பக்கம் வந்தது எனக்கு மகிழ்ச்சி. பழைய பாட்டில் மஞ்ஞை சர்வசாதாரணம். பேகன் போர்வை கொடுத்த கதையைச் சிறுபாணாற்றுப்படை "கான மஞ்ஞைக்குக் கலிங்கம் நல்கிய" என்று சொல்கிறது. அதே கதையைப் புறநானூறு 145-ல் பரணர் பாடும்போது "மடத்தகை மாமயில் பனிக்கும்" என்கிறார். ஒரே பறவை, ஒரே வள்ளல், ஒரு புலவருக்கு மஞ்ஞை, இன்னொருவருக்கு மயில். பழனி மலைப் பக்கம் இன்னமும் அந்தப் பறவை இருக்கிறது, போர்வைதான் கிடைப்பதில்லை.

இளவேனில் ஆண்டு மலருக்கு எடுத்துக்கொள்ள ஒரு செய்தி. ஆண் மயிலைச் சேவல் என்று சொல்லக்கூடாது என்கிறது தொல்காப்பிய மரபியல். "சேவற் பெயர்க்கொடை சிறகொடு சிவணும் மாயிருந் தூவி மயில்அலங் கடையே". சிறகுள்ள எல்லாவற்றின் ஆணுக்கும் சேவல் பொருந்தும், மயிலைத் தவிர. ஏன் தவிர்த்தார்கள்? தோகையும் சாயலுமாகப் பெண்தன்மையோடு தோன்றுவதால் என்று பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் விளக்குகிறார். உண்மையில் அந்தத் தோகை ஆணுக்குத்தானே உண்டு! கூகை போன்றவர்கள் அன்றைக்கு இருந்திருந்தால் உரையாசிரியரோடு சண்டைக்குப் போயிருப்பார்கள். பெண் மயிலுக்கு 'அளகு' என்ற பெயரையும் அதே மரபியல் தருகிறது. கோழிக்கும் கூகைக்கும் உரிய பெயர், மயிலுக்கும் ஆகும் என்கிறது.

கூகை:

சண்டையெல்லாம் இல்லை ஐயா. 😀 பெண்ணின் சாயலுக்கு ஆண் மயிலைத்தான் உவமை சொல்லியிருக்கிறோம், இத்தனை நூற்றாண்டாக எந்தப் பெண்ணும் ஆட்சேபிக்கவில்லை. அசல் பெண் மயிலைப் பார்த்தால் ஆட்சேபித்திருப்பார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் பல நாளாக உண்டு. "கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி" என்று மூதுரையில் வருகிறதே. வான்கோழி அமெரிக்கப் பறவை. கொலம்பஸ் போன பிறகுதான் இந்தப் பக்கம் வந்திருக்க முடியும். ஔவையார் எப்படிப் பார்த்தார்?

சுவடிக்காரர்:

ஒன்று, அந்தப் பாட்டு நாம் நினைப்பதைவிடப் பிற்பட்டது. அல்லது, அங்கே சொல்லும் வான்கோழி வேறொரு பறவை, பிறகு அமெரிக்கப் பறவை வந்ததும் அந்தப் பெயரை அதற்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. புதுப் பொருளுக்குப் பழைய பெயரை மாட்டுவது நம் வழக்கம்தானே.

வேர்ச்சொல் வேடன்:

நம் வழக்கம் மட்டுமில்லை ஐயா. ஸ்பானியர்கள் வான்கோழிக்கு மயிலின் பெயரையே கொடுத்துவிட்டார்கள். பாவோ என்றால் இன்றைக்கு ஸ்பெயினில் வான்கோழி. மயிலைச் சொல்ல வேண்டுமானால் 'பாவோ ரியல்', ராஜ பாவோ என்று அடைமொழி சேர்க்க வேண்டும். டச்சுக்காரர்களுக்கு அது கல்கூன், அதாவது கோழிக்கோட்டுக் கோழி! மெக்சிகோவிலிருந்து வந்ததைக் கோழிக்கோட்டிலிருந்து வந்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

மட்டுநகர் மைந்தன்:

அட, சிங்களத்தில் வான்கோழிக்குக் 'களுகும்' எண்டு சொல்லுறது இந்த டச்சுச் சொல்தான். கோழிக்கோடு ஒல்லாந்துக்குப் போய்ச் சுத்தி இலங்கைக்கு வந்திருக்கு.

நெறியாளர்:

வான்கோழிக்குத் தனி இழை தொடங்கினால் நல்லது. இங்கே மயிலோடு நிற்போம்.

இளவேனில்:

சரி, இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: "சாலமோன் அரசனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களுள் 'துக்கி' என்பதும் ஒன்று. அது மயில் என்றும், தமிழ்த் தோகையே அச்சொல் என்றும் கால்டுவெல் முதலிய அறிஞர்கள் கருதினர். அது ஒரு வகைக் குரங்கு என்போரும் உளர். மயிலைக் குறிக்கும் வடமொழி மயூரம், மயில் என்ற திராவிடச் சொல்லிலிருந்து சென்றது என்பது பெரும்பாலோர் முடிவு."

வேர்ச்சொல் வேடன்:

'தமிழ்த் தோகையே' என்பதில் ஏகாரத்தை எடுத்துவிடுங்கள். 'முடிவு' என்பதைக் 'கருத்து' ஆக்கிவிடுங்கள். மற்றதெல்லாம் சரி.

கடலோடி:

ஏகாரம் இருக்கட்டும். ஓர் எழுத்துதானே!

கூகை:

படம் வரையும் மாணவரிடம் ஒன்று சொல்லிவையுங்கள். பெண் மயிலுக்குத் தோகை போட வேண்டாம். போன வருஷம் ஒரு பள்ளி மலரின் அட்டையில் இரண்டு மயில், இரண்டும் தோகை விரித்து நின்றன, கீழே 'தாயும் சேயும்' என்று தலைப்பு.